பழைய விலாசத்துக்கு வரும் கடிதங்கள்

போன வருடம் எங்கள் பீடத்து மாணவர் சஞ்சிகைக்கு ஒரு கடிதம் வந்தது. தபாலில், முத்திரை ஒட்டி, கொப்பித்தாளில் எழுதிய கடிதம். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். “பிள்ளையள், ரெண்டு தரம் கட்டுரை அனுப்பினனான். பிடிக்கேல்லை எண்டால் அதை ஒரு வரியில எழுதியிருக்கலாம். பதிலே போடாமல் விடுறது மரியாதை இல்லை” என்று தொடங்கியிருந்தார். நாங்கள் திகைத்துப்போனோம். அப்படியொரு கட்டுரை எங்களிடம் வந்து சேரவே இல்லை.

இரண்டு பேர் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்ட பிறகுதான் விசயம் விளங்கியது. எங்கள் சஞ்சிகையின் பழைய இதழ் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பின்னட்டையில் அச்சிட்டிருந்த மின்னஞ்சல் விலாசத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். சந்தியில் உள்ள கொமினிகேசனில் கொடுத்து ரைப் பண்ணுவித்து, கடைக்காரப் பெடியனைக் கொண்டே அனுப்புவித்திருக்கிறார். அனுப்பின கையோடு ஆங்கிலத்தில் ஏதோ பதில் வந்ததாம். “அது கொம்பியூட்டர் தானா அனுப்புறது சேர், யோசிக்காதேங்கோ” என்று பெடியன் சொல்லியிருக்கிறான். கடிதம் போய்ச் சேரவில்லை என்பதுதான் அந்த ஆங்கிலப் பதில்.

நடந்தது இதுதான். எங்களுக்கு முந்தின பட்ச் சஞ்சிகையின் பெயரை மாற்றியபோது டொமைனையும் மாற்றியது. பழைய டொமைனுக்கு வருவதைப் புதியதுக்குத் திருப்பிவிடவும் ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆனால் பழைய டொமைனுக்கான வருடக் கட்டணத்தை ஒரு அண்ணா தன் சொந்தக் கார்ட்டில் கட்டிவந்தார். அவர் படிப்பு முடித்து வெளிநாடு போய்விட்டார். கார்ட் காலாவதியாகிவிட்டது. கட்டணம் கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போயின. படிப்பு முடிந்ததோடு அதுவும் மூடப்பட்டிருந்தது. டொமைன் எங்கள் கையை விட்டுப் போனது யாருக்கும் தெரியாது.

புதிய விலாசத்தை நாங்கள் முகநூலில் பெரிதாகப் போட்டிருந்தோம்தான். முகநூல் பார்க்காதவர் என்ன செய்வார்? ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த பழைய இதழ்களின் பின்னட்டைகளை யார் திருத்துவது?

இந்த வெட்கத்தோடுதான் தேடத் தொடங்கினோம். பெயர் மாறின நிறுவனங்கள், கைமாறின கம்பனிகள், இல்லாமல் போன நாடுகள் எல்லாம் பழைய விலாசத்துக்கு வருகிற கடிதங்களை என்ன செய்தன? தேடிப் பார்த்தால் இந்தப் பிரச்சினைக்கு மின்னஞ்சலின் வயதே ஆகிறது.

எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த காலம்

1971 இன் பிற்பகுதி. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பி.பி.என். என்ற கம்பனியில் ரே டொம்லின்சன் என்ற பொறியியலாளர் வேலை செய்தார். அர்பாநெட் வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தவர் அவர்தான். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட '@' என்ற குறியை எடுத்துக்கொண்டார். குறிக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் இடம். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த ஒழுங்கு மாறவில்லை. விலாசத்துக்குள்ளே இடத்தின் பெயரையும் சேர்த்துக் கட்டியபடியால், இடம் மாறினால் விலாசம் என்னாகும் என்ற கேள்வியும் அதோடேயே வந்துவிட்டது.

அந்த நாட்களில் டொமைன் என்ற ஒன்று கிடையாது. வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த வலையமைப்புத் தகவல் நிலையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண். புதுக் கணினி சேர்க்க வேண்டுமா, பெயர் மாற்ற வேண்டுமா, அவருடைய நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பைத் திருத்துவார்கள். மற்ற இடங்களில் இருப்பவர்கள் திருத்திய கோப்பின் பிரதியை எடுத்துக்கொள்வார்கள். எடுக்காதவர்களிடம் பழைய பெயரே இருக்கும். ஊரில் தபால்காரருக்கு எல்லா வீடும் தெரிந்திருப்பது போல ஒரு நிலைமை. சிறிய ஊர் என்றபடியால் அது சரிவந்தது.

251, 551

1982 ஓகஸ்டில் ஜொன் போஸ்டல் என்பவர் ஒரு ஆவணம் எழுதினார். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்தவர். ஆர்.எஃப்.சி. 821 என்பது அந்த ஆவணத்தின் இலக்கம். ஒரு சேர்வர் இன்னொரு சேர்வரிடம் மின்னஞ்சலைக் கொடுக்கும்போது இரண்டும் எப்படிக் கதைக்க வேண்டும் என்று அது வகுத்தது. எஸ்.எம்.டி.பி. என்று நாங்கள் இன்றைக்கும் பாவிப்பது அதன் தொடர்ச்சிதான்.

சேர்வர்கள் மூன்று இலக்க எண்களில் பதில் சொல்லும். 250 என்றால் சரி. 550 என்றால் அப்படியொரு அஞ்சல்பெட்டி இல்லை. இந்த இரண்டுக்கும் இடைநடுவில் நிற்கிற இரண்டு எண்களைப் பார்த்தபோது எங்களுக்கு மனம் நிறைந்துவிட்டது. 251 இன் கருத்து: “அவர் இப்ப இங்க இல்லை. எங்க இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். நான் அனுப்பிவிடுறன்.” 551 இன் கருத்து: “அவர் இங்க இல்லை. இந்த விலாசத்துக்கு நீங்களே அனுப்பிப் பாருங்கோ.” இரண்டு பதிலிலும் புதிய விலாசம் சேர்ந்தே வரும். இதை விளக்க உதாரணம் காட்டும்போது போஸ்டல் தன் பெயரையும், தன்னோடு வேலை செய்த போல் மொக்கபெட்ரிஸின் பெயரையும்தான் போட்டார். இடம் மாறினவர்கள் யாரோ முகம் தெரியாதவர்கள் இல்லை, தாங்கள்தான் என்பது போல.

வீடு மாறிப் போனவரைத் தேடி யாராவது வந்தால் பக்கத்துவீட்டார் என்ன செய்வார்கள்? ஒன்றில் கடிதத்தை வாங்கி வைத்துக் கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் வழி சொல்லி அனுப்புவார்கள். அந்த ஊர்வழமையைத்தான் இவர்கள் இரண்டு எண்களாக எழுதிவைத்தார்கள்.

ஆனால் வலையமைப்பு ஊராக இருந்த காலம் நீடிக்கவில்லை. குப்பை மின்னஞ்சல் அனுப்புபவர்கள் வந்தார்கள். யாருடைய புதிய விலாசம் எது என்று கேட்கிறவனுக்கெல்லாம் சேர்வர் சொல்வது ஆபத்தாகிவிட்டது. 2008 ஒக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 5321 இந்த எண்களை வைத்துக்கொண்டாலும், அனுப்பியவருக்குச் சொல்லாமல் சத்தமின்றித் திருப்பிவிடுவதே இப்போது வழக்கம் என்பதையும் ஒத்துக்கொள்கிறது.

இந்தச் சத்தமில்லாத வழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. தான் எழுதுவது பழைய விலாசம் என்று அனுப்புகிறவருக்குத் தெரியவே வராது. அவர் தொடர்ந்து அதற்கே எழுதுவார். எங்கள் சஞ்சிகைக்கும் அப்படித்தான் நடந்தது. திருப்பிவிடுதல் வேலை செய்த காலம் முழுக்க எல்லாம் ஒழுங்காக வந்தது. ஒழுங்காக வந்தபடியால் ஒருவரும் விலாசத்தை மாற்றவில்லை. பழைய டொமைன் அறுந்த அன்றைக்கு எல்லாம் சேர்ந்து அறுந்தது.

பெயரைக் கணினியிலிருந்து கழற்றியவர்கள்

ஒரே கோப்பில் உலகத்தை அடக்க முடியாது என்று ஆனபோது, 1983 நவம்பரில் அதே மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்ற பெயர் முறையை எழுதினார். பெயர்கள் மரம் போலக் கிளை விட்டன. ஒவ்வொரு கிளைக்கும் அந்தக் கிளைக்குரியவரே பொறுப்பு. 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974 அதில் இன்னொரு முக்கியமான துண்டைச் சேர்த்தது. அதற்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். “என் பெயருக்கு வருகிற கடிதங்களை இந்தச் சேர்வரிடம் கொடுங்கள்” என்று ஒரு டொமைன் உலகத்துக்கு அறிவிக்கும் வரி அது.

சின்ன விசயம் மாதிரித் தெரிகிறது. ஆனால் அதோடுதான் விலாசத்தில் உள்ள பெயர் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்திலிருந்து விடுபட்டது. கம்பனி கணினியை மாற்றலாம், கட்டடத்தை மாற்றலாம், விலாசம் அப்படியே இருக்கும். இரண்டு டொமைன்கள் தங்கள் எம்.எக்ஸ். பதிவில் ஒரே சேர்வரைக் காட்டினால், இரண்டு பெயருக்கும் வருகிற கடிதங்கள் ஒரே பெட்டியில் விழும். பெயர் மாறின கம்பனிகள் இன்றைக்கும் செய்வது அடிப்படையில் இதைத்தான்.

தனி ஆட்களுக்கும் ஒரு வழி இருந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற மென்பொருளில், ஒருவர் தன் கோப்புறைக்குள் 'ஃபோர்வேர்ட்' என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பை வைத்து அதில் புதிய விலாசத்தை எழுதிவிட்டால் போதும். வருவதெல்லாம் அங்கே போகும். இதில் ஒரு பகிடியும் நடக்கும். பழையதிலிருந்து புதியதுக்கும் புதியதிலிருந்து பழையதுக்கும் திருப்பிவிட்டால் கடிதம் இரண்டுக்கும் நடுவே பந்தடிபட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு சேர்வரும் கடிதத்தின் தலையில் தன் முத்திரையைக் குத்திவிட்டு அனுப்புகிறது. முத்திரைகள் அளவுக்கு மிஞ்சினால் அடுத்த சேர்வர் கடிதத்தை நிறுத்திவிடும்.

விலாசம் வாடகை வீடாகியது

டொட் கொம் என்று முடிகிற முதலாவது பெயர் 1985 மார்ச் 15 அன்று பதிவானது. சிம்பொலிக்ஸ் என்ற கணினிக் கம்பனியின் பெயர் அது. அப்போது பதிவுக்குக் காசு இல்லை. 1995 செப்டெம்பர் 14 முதல் நெட்வேர்க் சொல்யூசன்ஸ் என்ற பதிவு நிறுவனம் இரண்டு வருடங்களுக்கு 100 டொலர் கட்டணம் அறவிடத் தொடங்கியது. அன்றைக்கு நடந்த மாற்றத்தை நாங்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. அதுவரை ஒருவரிடம் இருந்த பெயர், அதன் பிறகு ஒருவர் வாடகைக்கு இருக்கிற பெயராகிவிட்டது. வாடகை நின்றால் வேறு ஆள் குடிவரலாம். அல்லது பெயரை விற்கலாம். சிம்பொலிக்ஸ் கம்பனி 1990களில் நொடித்துப்போனது. 2009 இல் அந்த டொமைனை ஒரு முதலீட்டாளர் வாங்கினார். இன்று அந்தப் பெயரைப் போட்டு யார் என்ன எழுதினாலும் அதைப் பெற்றுக்கொள்ளும் வசதி புதிய சொந்தக்காரருக்குத்தான்.

வாடகை மறப்பது ஏழை மாணவர் சங்கங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1999 டிசெம்பரில், நத்தார் நேரம், ஹொட்மெயில் பாவித்த பலருக்குத் தங்கள் பெட்டியைத் திறக்க முடியவில்லை. காரணம், உள்நுழைவதற்கு இடையில் நின்ற பாஸ்போர்ட் டொட் கொம் என்ற டொமைனுக்கான கட்டணத்தை அதன் சொந்தக்காரரான மைக்ரோசொப்ட் கட்டவில்லை. தொகை 35 டொலர். மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிபுணர் விசயத்தைக் கண்டுபிடித்து, நத்தார் தினத்தன்று தன் சொந்தக் கார்ட்டால் அந்தத் தொகையைக் கட்டிவிட்டார். ஹொட்மெயில் பழையபடி வேலை செய்தது. பிறகு மைக்ரோசொப்ட் அவருக்கு 500 டொலர் காசோலை அனுப்பி நன்றி சொன்னது. உலகத்தின் பெரிய பணக்காரக் கம்பனிக்கு 35 டொலர் இல்லாமல் போகவில்லை. இதைக் கவனிப்பது இன்னாருடைய வேலை என்று ஒருவர் இல்லாமல் போனார். எங்கட அண்ணாவின் கார்ட் கதைக்கும் இதுக்கும் தொகையில்தான் வித்தியாசம்.

பெயர் மாறினவர்கள் என்ன செய்தார்கள்?

கம்பனிகள் கைமாறும்போது டொமைன்களும் வரிசையில் மாறும். டிஜிட்டல் எக்குயிப்மென்ட் என்ற பெரிய கணினிக் கம்பனியை 1998 இல் கொம்பாக் வாங்கியது. கொம்பாக்கை 2002 இல் எச்.பி. தன்னோடு இணைத்தது. எச்.பி. 2015 நவம்பரில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி எச்.பி.ஈ. என்ற புதுப் பெயரையும் புது டொமைனையும் எடுத்தது. டிஜிட்டலில் சேர்ந்து கதிரையை மாற்றாமலே இருந்த ஒருவருக்குக்கூட விசிட்டிங் கார்ட் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டி வந்திருக்கும். அவருடைய முதல் கார்ட்டைப் பத்திரமாக வைத்திருந்த வாடிக்கையாளரை யோசித்துப் பாருங்கோ.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது. பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் அந்தப் பெயருக்கு வேறு ஆட்கள் உரிமை கோரினார்கள். ஜேர்மனியில் டானியல் கீர்ஷ் என்ற தொழில்முனைவோர் கூகிளுக்கு முன்பே அதே ஒலியில் ஒரு பெயரைப் பதிந்து வைத்திருந்தார். அதனால் அந்த நாடுகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு கூகிள்மெயில் டொட் கொம் என்ற விலாசம் கிடைத்தது. பிரித்தானியாவில் 2010 இலும் ஜேர்மனியில் 2012 இலும் ஜிமெயில் என்ற பெயர் திரும்பக் கிடைத்தபோது, கூகிள் பழைய பெயரை மூடவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பெயரில் எப்படி எழுதினாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஹொட்மெயிலும் அப்படியே. 2012 இல் மைக்ரோசொப்ட் அதை அவுட்லுக் டொட் கொம் ஆக்கியது. ஆனால் ஹொட்மெயில் விலாசங்கள் செத்துப்போகவில்லை. எங்கள் மாமாமாரில் பலர் இன்றைக்கும் அதில்தான் இருக்கிறார்கள்.

திருப்பிவிட வழியே இல்லாமல் போனதும் உண்டு. டொட் வை.யூ. என்பது யூகோஸ்லாவியாவின் டொமைன். 1989 இல் உருவானது. அதை நிர்வகித்தவர்கள் ஸ்லோவேனியாவின் லுபியானா நகரில் இருந்தார்கள். 1991 இல் ஸ்லோவேனியா தனிநாடாகப் பிரிந்த பிறகும் அந்தப் பெயர் அங்கேயே சில வருடங்கள் இருந்தது. 1994 இல்தான் பெல்கிரேட் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அதைக் கைமாற்றிக் கொடுத்தவர், நாங்கள் மேலே பார்த்த அதே ஜொன் போஸ்டல். 2006 இல் சேர்பியாவும் மொண்டெனேகுரோவும் பிரிந்ததும் ஆளுக்கொரு புது டொமைன் வந்தது. பழையவர்கள் புதிய பெயருக்கு மாறக் கால அவகாசம் கொடுத்தார்கள். கடைசியில் 2010 மார்ச் 30 அன்று டொட் வை.யூ. நிறுத்தப்பட்டது. அன்றோடு அந்தப் பெயரில் முடிகிற எந்த விலாசத்துக்கும் எழுத முடியாது. வீடு மாறினவர் தன் வாசலில் ஒரு பலகை தொங்கவிடலாம். தெருவே இல்லாமல் போனால் எங்கே தொங்கவிடுவது? இடப்பெயர்வுக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

பழைய வீட்டில் குடிவருபவர்

கடிதம் திரும்பி வருவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கடிதம் வேறு யாரிடமோ போய்ச் சேர்வது.

காலாவதியான டொமைன் உடனே போய்விடாது. டொட் கொம் போன்ற பெயர்களில், பதிவு நிறுவனம் அதை நீக்கிய பிறகும் 30 நாட்கள் பழைய சொந்தக்காரர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன் பிறகு ஐந்து நாள் காத்திருப்பு. பிறகு யாரும் வாங்கலாம். வாங்குகிறவர் அந்த டொமைனில் 'எல்லாம் எனக்கு' என்று ஒரு பெட்டி வைத்துவிட்டால், '@' குறிக்கு முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் கடிதம் அவரிடம் விழும். கடவுச்சொல்லை மறந்தால் என்ன செய்கிறோம்? 'மின்னஞ்சலுக்கு லிங்க் அனுப்பு' என்று அமத்துகிறோம். அந்த லிங்கும் அவரிடம்தான் போகும்.

2018 இல் அவுஸ்திரேலியாவில் கேபர் சத்மாரி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்து காட்டினார். சட்ட நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போதும் பெயர் மாறும்போதும் பழைய டொமைனைக் கைவிட்டுவிடுகின்றன. அப்படிக் கைவிட்ட டொமைன்களை அவர் பதிந்து பார்த்தபோது, கட்சிக்காரர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் இடையே மட்டும் இருக்க வேண்டிய கடிதங்கள் வந்து விழுந்தன. 2025 ஜனவரியில் டிலன் ஐரி என்ற ஆய்வாளர், மூடப்பட்ட ஒரு ஸ்டார்ட்அப் கம்பனியின் டொமைனை வாங்கி, பழைய ஊழியர்களின் பெயரில் மின்னஞ்சல் உருவாக்கி, 'கூகிள் மூலம் உள்நுழை' என்ற வழியில் அந்தக் கம்பனி பாவித்த வேறு சேவைகளுக்குள்ளேயும் போக முடியும் என்று காட்டினார். முதலில் இதைத் தன் குறை என்று ஏற்க மறுத்த கூகிள், பிறகு ஏற்றுக்கொண்டு அவருக்குச் சன்மானமும் கொடுத்தது.

இதை வாசித்த இரவு எங்களில் ஒருவருக்கும் நித்திரை சரியாக வரவில்லை. காரணம், எங்கள் சஞ்சிகைக்கு வருகிற கடிதங்களில் சிலவற்றின் முதல் வரியே “என்ர பெயர் போடாதேங்கோ” என்பதுதான். புனைபெயரில் எழுதுபவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் எழுதுபவர்கள், காணாமல் போன அண்ணனைப் பற்றி முதல் தரம் எழுதுபவர்கள். எங்களை நம்பி எழுதுகிறார்கள். நாங்கள் கவனிக்காமல் விட்ட அந்த வாசலில் வேறு யாராவது வந்து இருந்திருந்தால்?

ஏன் திருப்பிவிடுதல் மட்டும் போதாது

இன்னொரு திருப்பம். திருப்பிவிடுதலே இப்போது முன்னைப்போல நம்பகமானது இல்லை. போலி மின்னஞ்சல்களைத் தடுக்க 2000களில் எஸ்.பி.எஃப். என்ற முறை வந்தது. “என் பெயரில் கடிதம் அனுப்ப உரிமை உள்ள சேர்வர்கள் இவைதான்” என்று ஒரு டொமைன் அறிவிக்கும். நல்ல யோசனை. ஆனால் நீங்கள் அனுப்பிய கடிதத்தை எங்கள் பழைய சேர்வர் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும்போது, அது உங்கள் பெயரில் எங்கள் சேர்வரிலிருந்து வருவதாகத் தெரியும். உங்கள் பட்டியலில் எங்கள் சேர்வர் இல்லை. கடிதம் போலியாகிவிடும்.

2014 ஏப்ரலில் யாஹூவும், அதைத் தொடர்ந்து ஏ.ஓ.எல். நிறுவனமும், தங்கள் பெயரில் வந்து இந்தச் சோதனைகளில் தவறுகிற கடிதங்களை நிராகரிக்கச் சொல்லி உலகத்துக்கு அறிவித்தன. மின்னஞ்சல் குழுக்களும் திருப்பிவிடும் சேவைகளும் தடுமாறிப்போயின. இதைச் சரிக்கட்ட எஸ்.ஆர்.எஸ்., 2019 இல் ஏ.ஆர்.சி. என்று ஒட்டுப்போடும் முறைகள் வந்தன. எல்லா இடத்திலும் அவை இல்லை. அதனால் பழைய டொமைனை வேறெங்கோ வைத்துத் திருப்பிவிடுவதைவிட, புதிய டொமைன் இருக்கிற அதே மின்னஞ்சல் சேவையிலேயே இரண்டாவது பெயராகச் சேர்த்து, கடிதத்தை நேரே வாங்குவதுதான் பாதுகாப்பு. 1986 இல் எம்.எக்ஸ். பதிவு தந்த வழிக்கே திரும்பி வந்து நிற்கிறோம்.

நாங்கள் செய்தது

எங்கள் பழைய பெயரை அதுவரை ஒருவரும் வாங்கியிருக்கவில்லை. அதிர்ஷ்டம்தான். சாதாரணக் கட்டணத்துக்கே திரும்பப் பதிந்தோம். இந்த முறை ஒருவரின் கார்ட்டில் இல்லை, சஞ்சிகையின் கணக்கில். நினைவூட்டல் மூன்று பேருக்குப் போகிறது. அதில் ஒருவர் எப்போதும் முதலாம் வருட மாணவராக இருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினோம். பழைய டொமைனைப் புதிய டொமைனோடு ஒரே சேவையில் சேர்த்தோம். பழைய விலாசத்தைக் கொடுத்துத் திறந்த கணக்குகளை ஒவ்வொன்றாகத் தேடி விலாசம் மாற்றினோம். இரண்டு நாள் வேலை.

முதல் கிழமையே நான்கு கடிதங்கள் வந்தன. ஒன்று கவிதை. “பெயர் வேண்டாம்” என்று அடியில் எழுதியிருந்தது. அது எங்களிடம்தான் வந்து சேர்ந்தது என்ற ஆறுதலோடு வாசித்தோம். இடைப்பட்ட மாதங்களில் திரும்பிப் போனவை எத்தனை என்று இனி அறிய வழியில்லை. திரும்பிப் போன கடிதம் மறுபடி வராது. எழுதியவர் திரும்ப எழுதினால்தான் உண்டு. பதில் கிடைக்காதவர் திரும்ப எழுத வேண்டும் என்று என்ன கட்டாயம்?

பழைய விலாசத்துக்கு எழுதுபவர்களுக்கு இப்போது ஒரு தன்னியக்கப் பதில் போகிறது. தமிழில்: “உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் விலாசம் மாறிவிட்டது. புதியது இது.” போஸ்டலின் 251 ஐ எங்கள் பாசையில் எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். சேர்வர்கள் சொல்ல மறந்ததை நாங்கள் சொல்கிறோம். கொமினிகேசனில் இருக்கிற பெடியனும் இதை வாசித்து ஐயாமாருக்குச் சொல்லலாம்.

ஆசிரியரின் கட்டுரையை மறக்கவில்லை. கடையில் ரைப் பண்ணின பிரதி அழிந்துவிட்டது. கையால் எழுதின கொப்பியை அவர் வைத்திருந்தார். “நான் எதையும் எறியிறேல்லை, விலாசத்தையும் எறியிறேல்லை” என்று எங்கள் பழைய இதழைக் காட்டிச் சிரித்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். கட்டுரையை நாங்களே ரைப் பண்ணி அடுத்த இதழில் போட்டோம்.

விலாசத்தை மாற்றுவது எங்கள் உரிமை. ஆனால் பழைய விலாசம் எங்களுடையதாக மட்டும் இருப்பதில்லை. அதை எழுதிவைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் அது கொஞ்சம் இருக்கிறது. கடைசி ஆள் அதற்கு எழுதுவதை நிறுத்தும் வரைக்கும் வாசலில் யாராவது நிற்க வேண்டும்.

உங்கட சங்கத்துக்கும் ஒரு பழைய டொமைன் இருந்தால், அதுக்குக் காசு கட்டுற கார்ட் ஆற்றை எண்டு இண்டைக்கே கேளுங்கோ.